ஒரே பிள்ளைக்குள் நாலு வயசு

ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் எல்லோருக்கும் வயசு ஐந்து. ஆனால் ஒருத்திக்கு இந்த மாதம்தான் ஐந்து முடிந்திருக்கும். பக்கத்தில் இருப்பவனுக்கு அடுத்த மாதம் ஆறு முடியும். இடையில் பதினொரு மாதம். நமக்கு அது ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த தீபாவளி. அவளுக்கோ இதுவரை வாழ்ந்த காலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. முப்பது வயசுக்காரரையும் முப்பத்தைந்தரை வயசுக்காரரையும் ஒரே தராசில் நிறுத்துவது போலத்தான் இது. வகுப்பிலேயே இளைய பிள்ளைகளுக்கு ‘கவனக்குறைவு’, ‘துறுதுறுப்பு’ என்று பட்டம் கட்டுவது அதிகம் என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே ஆசிரியர் குறை சொன்னதும் முதலில் பார்க்க வேண்டியது பிறந்த மாதத்தை.

இது இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம். ஒரே பிள்ளைக்குள் இருக்கும் வித்தியாசம் இன்னும் வேடிக்கை. எட்டு வயசுப் பையன் ஒருவன் நாலாம் வகுப்புப் புத்தகத்தைத் தடையில்லாமல் படிப்பான். கையெழுத்து ஆறு வயசுக்காரனுடையது. கேரம் விளையாட்டில் தோற்றால் ஐந்து வயசுக்காரன் மாதிரி காயைக் கலைத்துவிட்டு அழுவான். உயரத்தில் வகுப்பு வரிசையில் முதல் ஆள், அதாவது எல்லோரிலும் குட்டை. இவனுக்கு என்ன வயசு? சான்றிதழில் எட்டு. உடம்புக்கு ஒன்று, கைக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று நாலு வயசு அவனுக்குள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வரும் குழப்பங்களில் பாதி, இந்த நாலில் ஒன்றை வைத்து மற்ற மூன்றையும் எதிர்பார்ப்பதால் வருவது. “இவ்வளவு நல்லாப் படிக்கிறவனுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாதா?” தெரியாதுதான். அது வேறு வயசு.

உடம்பிலிருந்து தொடங்கலாம், அதுதான் அளக்க எளிது. ஐந்து வயதுக்குப் பிறகு பூப்பு வளர்ச்சி தொடங்கும் வரை பிள்ளைகள் வருஷத்துக்கு 5 முதல் 6 செ.மீ. உயர்வார்கள், 2 முதல் 3 கிலோ ஏறுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணைப்படி 5 வயதுப் பையனின் நடுமதிப்பு உயரம் 110 செ.மீ., 10 வயதில் சுமார் 138. நம் பிள்ளைகளுக்கு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட அட்டவணை இன்னும் பொருத்தமானது. ஆனால் ஒரு நாள் எடுத்த அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அப்பா குட்டை, அம்மா குட்டை என்றால் பிள்ளையும் அட்டவணையில் கீழ்க்கோட்டில்தான் ஓடும். அந்தக் கோட்டை விட்டு இறங்காமல் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. வருஷத்துக்கு 4 செ.மீ.க்குக் குறைவாக வளர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அளப்பதிலும் பிழை நடக்கும். செருப்பில்லாமல், குதிகால், பிட்டம், முதுகு மூன்றும் சுவரைத் தொட நிறுத்துங்கள். பார்வை நேராக இருக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவரோடு ஒட்டித் தலைமேல் இறக்கி, அடிப்பக்கம் கோடு போடுங்கள். பெண் குழந்தைக்குக் கொண்டை, பின்னல், கிளிப் எல்லாம் அவிழ்த்தாக வேண்டும். காலையில் அளந்ததை மாலையில் அளந்தால் ஒரு செ.மீ. வரை குறையக்கூடும், ஆகவே எப்போதும் ஒரே நேரம். மாதாமாதம் அளப்பதில் பயனில்லை. அளக்கும் பிழையே அந்த மாத வளர்ச்சியைவிடப் பெரிதாக இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும்.

“யூகேஜி வரைக்கும் கொழுகொழுன்னு இருந்தா, ஸ்கூல் போனதும் இளைச்சுட்டா.” ஒன்றாம் வகுப்பு அம்மாக்கள் எல்லோரும் சொல்வது இது. உண்மைதான், ஆனால் குற்றவாளி பள்ளிக்கூடம் அல்ல. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ, பிள்ளைப் பருவத்தில் மிகக் குறைவாக இருப்பது 5, 6 வயதில்தான். விலா எலும்பு தெரிவது அந்த வயசின் அழகு. அதற்குப் பிறகு மெல்ல ஏறும். பயந்துபோய் மால்ட் பவுடரைப் பாலில் கரைத்து, மூன்று வேளை ஊட்டிவிட்டு இந்தக் கட்டத்தில் எடையை ஏற்றினால், பிற்பாடு உடல்பருமனாக வாய்ப்பு கூடுகிறது. உயரமும் எடையும் அட்டவணைக் கோட்டில் ஏறிக்கொண்டிருந்து, பிள்ளை ஓடியாடிக்கொண்டிருந்தால் தட்டில் மிச்சம் வைப்பதைப் பற்றிச் சண்டை தேவையில்லை.

பல்லைப் பற்றி ஒரு விஷயத்தைப் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். ஆறு வயதில் கீழ் முன்பல் ஆடி விழும்; அதை எல்லோரும் கொண்டாடுவார்கள். அதே சமயம் பின்னால், கடைசிப் பால் கடைவாய்ப் பல்லுக்கும் பின்னே, நாலு புதிய கடைவாய்ப் பற்கள் சத்தமில்லாமல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் இவையும் பால் பல் என்றே வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். “சொத்தை வந்தா என்ன, விழுந்து முளைக்கும்” என்று விடுவது இந்தப் பல்லைத்தான். அது விழாது, முளைக்கவும் முளைக்காது. ஆயுசு முழுக்க அதுதான். அதன் மேற்பரப்பு முழுக்க ஆழமான பள்ளங்கள், பிரஷ் எட்டாத மூலை, கூடவே பிரஷ் பிடிக்கும் கைக்கு வயசு ஆறு. எட்டு வயது வரை இரவு வேளையில் பெரியவர் ஒருவர் பின்பற்களைத் தேய்த்துவிடுவது நல்லது. பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் பூச்சுக்கு உகந்த நேரமும் அந்தப் பல் முழுசாக வெளியே வந்தவுடன்தான். இன்னொரு பயம், ஏழு எட்டு வயதில் மேல் முன்பற்களுக்கு நடுவே விழும் சந்து. கம்பி கட்ட ஓட வேண்டாம். 11, 12 வயதில் கோரைப் பல் இறங்கும்போது பெரும்பாலும் தானே மூடும்.

ராத்திரியில் கெண்டைக்கால் வலிக்கிறது என்று அழுது, காலையில் எதுவும் நடக்காதது போல ஓடினால் அது வளர்கால வலி. இரண்டு காலிலும் வரும், தேய்த்துவிட்டால் போகும். ஒரே காலில் மட்டும், பகலிலும், நொண்டலோடு, வீக்கத்தோடு அல்லது காய்ச்சலோடு வந்தால் அது வேறு. உடனே காட்ட வேண்டும். படுக்கையில் சிறுநீர் போவது 5 வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் வரை இருக்கும், 10 வயதில் ஐந்து பேர் அளவுக்கு இறங்கும். அடித்தால், மானத்தை வாங்கினால் குறையாது. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று மறுபடி நனைத்தால்தான் யோசிக்க வேண்டும்: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை நோய், மனசில் ஏதோ பயம்.

இனி கை. ஒரு பிள்ளை எழுதத் தயாரா என்பதை அ, ஆ சொல்லிக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். வடிவங்களைப் பார்த்து வரையச் சொன்னாலே தெரியும். வட்டத்தை மூன்று வயதில் வரைவார்கள், கூட்டல் குறியை நாலில், சதுரத்தை நாலரையில், முக்கோணத்தை ஐந்தில். சாய்சதுரம், அதாவது வைர வடிவம், ஆறு ஏழு வயதில்தான் வரும். சாய்ந்த கோடுகளை இரண்டு பக்கமும் திருப்பி மூலையில் சேர்க்க வேண்டும், அதுதான் கஷ்டம். இப்போது ‘ழ’வையும் ‘ஞ’வையும் ‘ணை’யையும் பாருங்கள். சாய்சதுரமே வராத கையை இரட்டைக் கோட்டு நோட்டில் ‘ஞ’வைப் பத்து தடவை எழுத வைக்கிறோம்.

எழுதும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் பாருங்கள். நோட்டைப் பார்க்க வேண்டாம், கையைப் பாருங்கள். கட்டைவிரல் பென்சிலைச் சுற்றி மடங்கியிருக்கிறதா? பென்சில் முனை தாளின் அடுத்த பக்கத்தில் தழும்பு போடுகிறதா? முழங்கை மேஜையை விட்டுத் தூக்கியிருக்கிறதா? இடது கை நோட்டைப் பிடிக்காமல் தலையைத் தாங்குகிறதா? கால் தரையில் படாமல் தொங்குகிறதா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கால் தொங்கினால் இடுப்பு ஆடும், இடுப்பு ஆடினால் தோள் இறுகும், தோள் இறுகினால் விரல் அசையாது, மொத்தக் கையும் சேர்ந்து எழுதும். காலுக்கடியில் ஒரு மனைப்பலகை வைத்து, மேஜை முழங்கை உயரத்துக்கு வருகிற மாதிரி பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

பிடியைத் திருத்த “இப்படிப் பிடி” என்று சொல்வது வீண். இரண்டு விரற்கடை நீளத்துக்கு உடைத்த சாக்பீஸைக் கொடுங்கள். அதை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும், நாலாவதற்கு இடமில்லை. சிலேட்டைச் சுவரில் சாய்த்து நின்றபடி எழுதவிட்டால் மணிக்கட்டு தானாகச் சரியான கோணத்துக்கு வரும். விரலுக்கு வலு வருவது நோட்டில் அல்ல, அடுக்களையில்: சின்ன வெங்காயம் உரிப்பது, வேர்க்கடலை உடைப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, துணிக்கு கிளிப் மாட்டுவது, புள்ளி வைத்துக் கோலம் போடுவது. ஒன்றாம் வகுப்பில் ஒரு மூச்சில் பத்து நிமிஷ எழுத்துக்கு மேல் வேண்டாம். பதினைந்தாவது நிமிஷத்தில் எழுதுவதெல்லாம் கெட்ட பழக்கத்துக்கான பயிற்சி.

எண்களைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதுவது, குறிப்பாக 3, 7, 9, ஏழு வயது வரை சாதாரணம். எழுத்துக் குறைபாடு என்று முடிவுகட்ட அதை ஆதாரமாக்க வேண்டாம்.

படிப்பு. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலக் குழந்தைக்காக எழுதப்பட்டவை. தமிழ் எழுத்து கேட்பது வேறு. அங்கே 26 எழுத்து. இங்கே 247. அவ்வளவையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, வரிசை புரிந்தால் போதும் என்போம். வரிசை எல்லா இடத்திலும் ஒழுங்காக இல்லையே? ஆகாரத்துக்குத் துணைக்கால், இகரத்துக்குக் கொக்கி என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் பிள்ளை உகர வரிசையில் தடுக்கி விழும். கு ஒரு மாதிரி, து வேறு மாதிரி, பு இன்னொரு மாதிரி. அடுத்தது கொம்பு. ‘கெ’ என்பதில் ஒலி வருவது க்+எ என்ற வரிசையில். எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கிறது. காது ஒரு திசையிலும் கண் எதிர்த் திசையிலும் போகிறது. ‘கொ’ வரும்போது கொம்பு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் இருக்க, பிள்ளை அதை ‘கெ... கா’ என்று இரண்டாக உடைத்துப் படிக்கும். இது மந்தம் அல்ல. கண்ணுக்குத் தெரிவதைத்தான் அது படிக்கிறது. இரண்டாம் வகுப்பு முழுக்க இந்தத் தடுமாற்றம் இருக்கலாம். கன்னடம் போன்ற நம் பக்கத்து எழுத்துமுறைகளிலும் எழுத்து முழுசாகப் படிய நாலாம் வகுப்பு வரை ஆகும் பிள்ளைகள் உண்டு.

‘க’ என்ற ஒரே எழுத்து கல், தங்கம், அகம் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. பேசும் தமிழ் இன்னொன்று. “அவர்கள் சென்றனர்” என்று பிழையில்லாமல் வாசித்துவிட்டு, யார் போனாங்க என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைக்கு வாசிப்பில் குறையில்லை. ‘சென்றனர்’ என்று அதன் வீட்டில் யாரும் பேசியதில்லை. ஆகவே சோதிக்கும்போது நாலு வரி படிக்கச் சொல்லி, “என்ன நடந்துச்சுன்னு உன் பாணியில சொல்லு” என்று கேளுங்கள். வாசித்துக் காட்டும் கதைகளுக்கு இங்கேதான் வேலை. எழுத்துத் தமிழ் காதில் விழ வேறு வழியே இல்லை.

லகர, ளகர, ழகரத்தை எழுத்தில் மாற்றிப் போடுவதும் அப்படியே. ‘வாளைப்பளம்’ என்று சொல்லும் ஊரில் வளரும் பிள்ளை ‘வாழைப்பழம்’ என்று எழுதக் கற்பது காதால் அல்ல, கண் பழக்கத்தால். பேச்சிலும் ழகரம் வரவில்லை என்று பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பத் தேவையில்லை, அந்த ஊர்ப் பெரியவர்களுக்கே வராது. ஆனால் ஏழு, எட்டு வயதிலும் ‘ர’ வராமல் ‘ல’வோ ‘ய’வோ வந்தால், வீட்டார் தவிர மற்றவர்களுக்குப் பேச்சு விளங்கவில்லை என்றால், பேச்சு மொழிப் பயிற்சியாளரைப் பார்க்கலாம். அதற்கு முன் காதைப் பார்க்க வேண்டும். சளி பிடித்த பிறகு நடுச்செவியில் நீர் கோத்து, பாதிதான் காதில் விழும் பிள்ளைகள் நிறைய. “கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறான், அவ்வளவு திமிர்” என்பதில் பாதி இதுதான்.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தார்கள். நடைமுறையில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் ஒரு அறையில் மூன்று நிலை இருப்பது இயல்பு என்று பாடத்திட்டமே ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். வீட்டில்தான் ‘இன்னும் அரும்பா?’ என்று அதைத் தேர்ச்சிப் பட்டியலாக்கிவிட்டோம்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதும் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. ஒழுங்காகப் பள்ளிக்குப் போன பிள்ளை. கண்ணும் காதும் சரி. வாயால் கேட்டால் பதில் பட்டென்று வருகிறது. ஆனால் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்து வாசிக்கிறது, ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுகிறது, தமிழிலும் ஆங்கிலத்திலும் இதே கதை. இந்தச் சேர்க்கை வந்தால் கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனை தேவை. ஆங்கிலத்தில் மட்டும் தடுமாற்றம் என்றால் அது பெரும்பாலும் கற்பித்ததில் உள்ள ஓட்டை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம். ஆறு வயதில் இந்த முத்திரை குத்துவது அவசரம். பத்து வயது வரை ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்று தள்ளுவதற்குள் ‘நான் மக்கு’ என்று பிள்ளை நம்பத் தொடங்கியிருக்கும்.

கணக்கில் நம் மொழியே ஒரு பள்ளம் வெட்டி வைத்திருக்கிறது. இருபது, முப்பது, நாற்பது எல்லாம் ‘பது’வில் முடியும், ஒன்பதும் அப்படித்தான் முடிகிறது, ஆனால் அது 9. எண்பதுக்கு அடுத்து வருவது தொண்ணூறு; காதில் நூறு விழுகிறது, மதிப்பு 90. எண்ணூறுக்கு அடுத்து தொள்ளாயிரம்; காதில் ஆயிரம் விழுகிறது, மதிப்பு 900. ஒன்பதின் குடும்பம் முழுக்க ஒரு இடம் மேலே ஒலிக்கிறது. ‘தொண்ணூறு’ என்று சொன்னதும் 900 என்று எழுதும் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று சொல்லாதீர்கள். காதில் விழுந்ததை அது நேர்மையாக எழுதியிருக்கிறது. ‘நூற்று ஐந்து’ என்றால் 1005 என்று எழுதுவதும் இதே நேர்மைதான்: நூறு எழுதியாயிற்று, பக்கத்தில் ஐந்து.

இதற்கு மருந்து நோட்டில் இல்லை. விளக்குமாற்று ஈர்க்குச்சியோ ஐஸ் குச்சியோ நூறுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போடச் சொல்லுங்கள். பத்துக் கட்டு சேர்ந்தால் பெரிய ரப்பர் பேண்டு. 105 என்றால் ஒரு பெரிய கட்டு, தனிக் குச்சி ஐந்து, நடுவில் சின்னக் கட்டு எதுவும் இல்லை. அந்த ‘இல்லை’தான் நடுவில் இருக்கும் சைபர். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று வருகிறதா? பிள்ளை 2இலிருந்து 7 போகாததால் 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. ‘கடன் வாங்கு’ என்று விதி சொன்னால் நாளைக்கு மறக்கும். ஒரு சின்னக் கட்டை அவிழ்த்து 12 தனிக் குச்சியாக்கி, 7ஐ எடுத்துப் பார்த்த கை மறக்காது. விரல் விட்டு எண்ணுவதை ஏழு, எட்டு வயது வரை தடுக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது, 8+3க்கு ஒன்றிலிருந்து எண்ணுகிறதா, எட்டுக்கு மேல் ‘ஒன்பது, பத்து, பதினொன்று’ என்று தொடர்கிறதா என்பதை. இரண்டாவது பழக்கம் வந்துவிட்டால் விரல் தானாக விலகும்.

பிள்ளையின் யோசனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க ஒரு பழைய வழி, சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே காட்டியது. ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டம்ளரில் சம அளவு தண்ணீர். “ரெண்டும் ஒரே அளவா?” பிள்ளை ஆமாம் என்ற பிறகு, அதன் கண்ணெதிரே ஒன்றை மட்டும் ஒல்லியான உயரக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றுங்கள். “இப்போ எதுல அதிகம்?” ஐந்து வயசுக்காரர் உயரக் கிளாஸைக் காட்டுவார். ஏழு வயசுக்காரர் “அதே தண்ணிதானே” என்பார், கேட்டதற்கே உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். நடுவில் ஆறு வயசுக்காரர் மாற்றி மாற்றிச் சொல்வார். பதிலைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒப்பிப்பார், நம்ப மாட்டார். அண்ணனுக்கு ரெண்டு முறுக்கு, எனக்கு ஒண்ணா என்று அழுகிற தம்பிக்கு அவன் முறுக்கை மூன்றாக உடைத்துக் கொடுத்தால் சமாதானமாவது இந்தக் கட்டத்தில்தான். அந்தத் தந்திரம் பலிக்காமல் போகும் நாளில் அவன் ஒரு படி ஏறிவிட்டான். எடையைப் பற்றி இதே தெளிவு வர ஒன்பது வயதாகும். நாலாம் வகுப்பில் எட்டில் ஒன்று நாலில் ஒன்றைவிடப் பெரிது என்று எழுதுவதும், கண்ணில் படும் பெரிய எண்ணை நம்பும் அதே மனம்தான்.

கவனம் பற்றிய புகாரில் பெரும்பகுதி நினைவைப் பற்றியது. “ஷூவைக் கழட்டி ஓரமா வை, டிபன் பாக்ஸைக் கழுவப் போடு, யூனிஃபார்மை மாத்து, டைரியை எடுத்துட்டு வா” என்று ஒரே மூச்சில் நாலு கட்டளை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தலையில் இரண்டுதான் நிற்கும், அதுவும் முதலாவதும் கடைசியும். டைரியோடு வந்து நிற்கும். மற்றதெல்லாம் வழியில் சிந்தியிருக்கும். இரண்டிரண்டாகச் சொல்லுங்கள். தூக்கக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 6 முதல் 12 வயதுக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். வேனுக்காகக் காலை ஆறு மணிக்கு எழுப்பினால் ஒன்பது மணிக்கே தூங்கியிருந்தால்தான் குறைந்தபட்சமே தேறும். பத்தரை வரை சீரியல் ஓடும் கூடத்தில் படுக்கும் பிள்ளைக்கு வகுப்பில் வருவது கவனக்குறைவு அல்ல, கொட்டாவி.

மனசின் வயசை விளையாட்டில்தான் பார்க்க முடியும். சுண்டுவிரலைக் காட்டி ‘காய்’ விடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வயதில் காலையில் காய், இன்டர்வெலில் பழம். காரணம் ஒரு ரப்பர். யார் பக்கத்தில் உட்கார்கிறாரோ அவர்தான் நண்பர். ஒன்பது பத்து வயதில் காய் வாரக்கணக்கில் நீளும், காரணம் ‘என் ரகசியத்தை அவகிட்ட சொல்லிட்டா’. நட்பு ரப்பரிலிருந்து நம்பிக்கைக்கு நகர்ந்துவிட்டது. ஆறு வயதுச் சண்டையில் பெரியவர்கள் தலையிடத் தேவையில்லை, அதற்குள் முடிந்துவிடும். பத்து வயதுச் சண்டையைத் ‘தூ, இதுக்கா?’ என்று தள்ளக் கூடாது. ஏழு வயதில் “மிஸ், அவன் கோட்டைத் தாண்டிட்டான்” என்று ஓயாமல் கோள் சொல்வது குணக்கேடு இல்லை. விதி என்ற ஒன்றைப் புதிதாகப் பிடித்திருக்கிறார்கள், எல்லாவற்றிலும் அதைப் பொருத்திப் பார்க்கிறார்கள். எட்டு வயது வாக்கில் இன்னொரு கதவு திறக்கும். அதுவரை ‘நான்தான் ஃபர்ஸ்ட்டு’ என்று சொல்லித் திரிந்த பிள்ளை, தன்னை மற்றவர்களோடு ஒப்பிடத் தொடங்கும். ‘எனக்கு வரையத் தெரியாது’ என்று கிரேயானை மூடி வைப்பது அப்போதுதான். ஒப்பீட்டை அது தானே செய்துகொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையை நாமும் கொண்டுவந்து நிறுத்த வேண்டாம்.

சாலையைத் தனியாகக் கடக்க விடுவது பற்றி ஒரு வார்த்தை. வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் திறன் ஒன்பது பத்து வயதுக்கு முன் நம்பத்தக்கதாக இல்லை. பிள்ளை எவ்வளவு புத்திசாலி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நாலாம், ஐந்தாம் வகுப்பில் உடம்பு மறுபடி முன்னுக்கு வரும். பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள் மார்பு வளர்ச்சி தொடங்குவது இயல்பு, ஆண் பிள்ளைகளுக்கு மாற்றங்கள் 9 முதல் 14க்குள். மார்பு அரும்பி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருஷத்தில் மாதவிடாய் வரும். கணக்குப் போட்டால் ஐந்தாம் வகுப்பிலேயே வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தைப் பார்த்து வகுப்பறையில் பயந்து உட்கார்ந்திருக்காமல், நாலாம் வகுப்பு முடிவதற்குள் அம்மாவோ அத்தையோ சொல்லி வைத்துவிட வேண்டும். பையில் ஒரு நாப்கினும் மாற்று உள்ளாடையும் இருக்கட்டும். பெண்ணுக்கு 8க்கு முன்னும் பையனுக்கு 9க்கு முன்னும் மாற்றங்கள் தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், சடங்குக்கு நாள் பார்ப்பது அப்புறம்.

எந்த வயசாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாத ஒன்று, இருந்தது போவது. தாமதமாக வருவதற்குப் பல காரணம் உண்டு, பெரும்பாலும் சாதுவானவை. ஆனால் நன்றாக எழுதிய கை கோணுகிறது, ஓடியவன் அடிக்கடி தடுக்கி விழுகிறான், கலகலவென்று பேசியவள் ஒடுங்கிப்போய்ப் பள்ளி என்றதும் வயிற்றுவலி என்கிறாள் என்றால் அந்த வாரமே பார்க்க வேண்டும். கண்ணுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை: ஒரு கண்ணை மூடி, அறையின் மறுகோடியில் மாட்டிய தினசரி காலண்டரின் தேதியையும் கீழே உள்ள சின்ன எழுத்தையும் படிக்கச் சொல்லுங்கள்; பிறகு மற்ற கண். ஒரு கண் மட்டும் மங்கலான பிள்ளை வாய்திறந்து சொல்லாது, நல்ல கண்ணாலேயே சமாளிக்கும். சோம்பேறிக் கண்ணுக்குச் சிகிச்சை ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.

அரசுப் பள்ளிகளுக்கு ஆர்பிஎஸ்கே என்கிற தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருஷத்துக்கு ஒருமுறை வரும். அன்றைக்குப் பிள்ளையை லீவு போட வைக்காதீர்கள். அவர்கள் சந்தேகப்பட்டால் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள், அங்கே செலவில்லை. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

எங்கே போனாலும் கையில் கொண்டுபோக வேண்டியவை மூன்று. ஆறு மாத இடைவெளியில் எழுதிய இரண்டு நோட்டுப் பக்கங்கள், பிள்ளை யாருடைய உதவியுமின்றி எழுதியவை; டியூஷன் மிஸ் அழித்துத் திருத்திய பக்கம் உதவாது. சுவரில் போட்ட உயரக் கோடுகளின் தேதியும் அளவும். ‘படிக்க மாட்டேங்கிறான்’ என்பதற்குப் பதிலாக, எதைச் செய்யச் சொன்னபோது எந்த இடத்தில் நின்றான் என்று எழுதிய நாலு வரி. “கொம்பு வரும் சொல்லில் நிற்கிறான், மற்றது படிக்கிறான்” என்ற ஒரு வரியிலிருந்து எதிரே உட்கார்ந்திருப்பவர் வேலையைத் தொடங்கிவிடலாம்.